1,900 யூரோவா, லாஸ்பேட்டை மாடி வீடா?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வயது 38. பிடித்தம் போகக் கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 18,000. லாஸ்பேட்டையில் அம்மா வீட்டு மாடியில் இருக்கிறோம், வாடகை கிடையாது. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் மனைவிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் (வயது 9, 6) பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது. நான் மட்டும் இந்தியன். பாரிஸ் பக்கத்தில் கார்ஜில் இருக்கும் மச்சான், "வேர்ஹவுசில் வேலை ரெடி, கைக்கு 1,900 யூரோ, ஜூன் மாதம் கிளம்பி வா" என்கிறார். மாதம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்! இங்கே நாங்கள் இரண்டு பேரும் மூன்று மாதம் உழைத்தால்கூட அவ்வளவு வராது. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது, கூட வர மாட்டேன் என்கிறார். எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் உயர்வு? போகலாமா? போனால், பாகூரில் இருக்கும் அரைக் காணியை விற்றுவிடலாமா? போன வாரம் தீபாவளிக்கு வந்திருந்த மச்சான் போட்டிருந்த சட்டை, வாங்கி வந்த சாமான் எல்லாம் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

லாஸ்பேட்டை வாசகர்

பதில்:

மச்சான் சட்டையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்று நீங்கள் பெருக்கியிருக்கிறீர்கள். பணம் மாற்றும் கடையில் அது சரியான கணக்கு. மளிகைக் கடையில் அது செல்லாது. ஒரே கூடைச் சாமானையும் வாடகையையும் சேவைகளையும் இரண்டு நாட்டிலும் வாங்க எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டு, வாங்கும் திறன் என்ற ஒரு விகிதத்தை உலக வங்கி வெளியிடுகிறது. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க ஏறக்குறைய 20 ரூபாய் போதும், பிரான்சில் 0.7 யூரோ வேண்டும். அப்படியானால் பிரான்சில் செலவாகும் ஒரு யூரோ, நம் ஊரில் செலவாகும் 28, 30 ரூபாய்க்குச் சமம். 29 என்று வைத்துக்கொண்டு உங்கள் 1,900 யூரோவைப் பெருக்கிப் பாருங்கள். 55,000 ரூபாய் வரும். உங்கள் வீட்டில் இப்போது மாதம் 60,000 வருகிறது, அதுவும் வாடகை இல்லாமல்.

இந்த விகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஐபோனும் விமான டிக்கெட்டும் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். அங்கே மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் யூரோவுக்கும் முழுசாக 100 ரூபாய் கிடைக்கும். ஆகவே கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே செலவாகும் யூரோவுக்கு மதிப்பு 29, இங்கே வந்து சேரும் யூரோவுக்கு மதிப்பு 100.

நம் ஊர்க்காரர்கள் பிரான்ஸ் என்றதும் ஏன் கண்ணை விரிக்கிறோம் என்பதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல், புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார்கள். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு சிப்பாய் வீடு என்றால் தெருவில் தனித் தோரணை. முதலில் ஃபிரிட்ஜ் வந்தது அந்த வீட்டில், முதலில் மொசைக் தரை போட்டது அந்த வீட்டில், பெண் கொடுக்க வரிசையில் நின்றதும் அந்த வீட்டு வாசலில். நாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய 'பிரான்ஸ் வசதி' அதுதான். ஆனால் அது பிரான்சில் வாழ்ந்த வசதி அல்ல. பிரான்சில் சம்பாதித்ததைப் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் செலவழித்த வசதி, இன்றைய கணக்கில் 100 ரூபாய் யூரோவின் வசதி. நீங்கள் போகப்போவது 29 ரூபாய் யூரோவுக்கு. உங்கள் மாமனார் வாழ்ந்த வாழ்க்கைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கும் வாழ்க்கைக்கும் ஒரே நாட்டுப் பணம் என்பதைத் தவிர பெரிய ஒற்றுமை இல்லை.

இப்போது மச்சான். அவரிடம் சம்பளத்தைக் கேட்டீர்கள், வாடகையைக் கேட்டீர்களா? இருபது, முப்பது வருடம் முன்னால் போனவர்களில் பலர் அரசு மானியக் குடியிருப்பில், அவர்கள் 'அஷெலெம்' என்று சொல்லும் வீட்டில் இருக்கிறார்கள். வெளிச் சந்தையில் கொடுக்க வேண்டியதில் பாதிதான் வாடகை இருக்கும். பாரிஸ் வட்டாரத்தில் இன்று அதற்கு மனு போட்டால் முறை வர வருடக்கணக்கில் ஆகும். நீங்கள் தனியாரிடம்தான் எடுக்க வேண்டும். அங்கே வீட்டுக்காரர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது, வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம், நிரந்தர வேலை ஒப்பந்தம், ஜாமீனுக்கு ஓர் ஆள். 1,900 வாங்குபவர் 1,000 யூரோ வீட்டுக்கு மனு போட்டால் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார்கள். மச்சான் ஜாமீன் போடுவாரா, எத்தனை மாதம் தன் வீட்டில் வைத்துக்கொள்வார் என்பதை வாய் வார்த்தையாக விடாமல் பேசி முடிவு செய்யுங்கள். அக்கா தம்பி உறவு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஹால் சோபாவில்தான்.

அந்த 1,900-லேயே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 2024 நவம்பரில் உயர்த்தியபோது பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் கைக்குச் சுமார் 1,426 யூரோ. வேர்ஹவுசில் புதிதாகச் சேருபவருக்கு அதைவிட 470 யூரோ கூட என்றால், அதற்குள் இரவு ஷிப்டுப் படி இருக்கலாம், இல்லையென்றால் வேலை 'அன்தெரிம்' வகையாக இருக்கலாம். அதாவது ஏஜென்சி மூலம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எடுக்கும் தற்காலிக வேலை. அதில் வேலை முடியும்போது 10 சதவீதமும், விடுப்புக்குப் பதிலாக இன்னொரு 10 சதவீதமும் சேர்த்துக் கொடுப்பார்கள். கையில் கூடுதலாகத் தெரியும். ஆனால் விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை, வேலை எப்போது நிற்கும் என்றும் தெரியாது. மச்சானிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சேதேஇ-யா, அன்தெரிமா?" நிரந்தர ஒப்பந்தமான சேதேஇ என்றால் அதன் நகலை அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, 1,900 உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுப்பதிலிருந்து ஒரு மாதச் செலவைச் சொல்கிறேன். இரண்டு படுக்கையறை வீடு, பராமரிப்புக் கட்டணத்தோடு 1,050. சாப்பாடு 550, அதுவும் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷாப்பெலில் அரிசி மூட்டை வாங்கிச் சிக்கனமாகச் சமைத்தால்தான். கரண்ட், ஹீட்டர், போன், இன்டர்நெட், வீட்டு இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 200. ரயில், பஸ் எல்லாவற்றுக்குமான நவிகோ பாஸ் 2025-இல் 88.80 யூரோ, அதில் பாதியை முதலாளி தருவார், உங்களுக்கு 45. துணை மருத்துவக் காப்பீடு 80. பள்ளிச் சாப்பாடு, துணிமணி, குளிர்கால பூட்ஸ் 120. அம்மாவுக்கு அனுப்ப 150. கூட்டினால் 2,195. வரவு என்ன? இரண்டு குழந்தை உள்ள குடும்பத்துக்கு மாதம் சுமார் 150 யூரோ குழந்தைப் படி கிடைக்கும், ஆக 2,050. வருமான வரி வராது. நான்கு பேர் குடும்பத்துக்கு அங்கே வருமானத்தை மூன்று பங்காகப் பிரித்துத்தான் வரி போடுவார்கள், உங்கள் பங்கு வரம்புக்குள் வந்துவிடும். இதற்கு மேல் வாடகை உதவியும், குறைந்த சம்பளக்காரர்களுக்கான ஊக்கத் தொகையும் உண்டு. மனைவி பிரெஞ்சுக் குடிமகள் என்பதால் அவர் பெயரில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இந்த உதவிகளைத் தரும் 'காஃப்' அலுவலக இணையதளத்தில் ஒரு கணிப்பான் இருக்கிறது, அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இந்த உதவிகள் இல்லாவிட்டால் மாதம் 145 யூரோ துண்டு விழும், அவை வந்து சேர்ந்தால்தான் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் நிற்கும். நாலு பேர் ஆகஸ்டில் ஊருக்கு வந்து போக 2,500 யூரோவுக்குக் குறையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு அளவுகோலும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் உறைக்கும். பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்ஸே, குடும்பத்தில் முதல் பெரியவரை 1 என்றும், அடுத்த பெரியவரை 0.5 என்றும், 14 வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் 0.3 என்றும் எண்ணுகிறது. உங்கள் குடும்பம் 2.1. 2023 கணக்குப்படி அங்கே வறுமைக்கோடு ஓர் அலகுக்கு மாதம் 1,288 யூரோ. 2.1-ஆல் பெருக்கினால் 2,705. உதவிகளையெல்லாம் சேர்த்த வருமானம் இதற்குக் கீழே இருந்தால், அந்த நாட்டுக் கணக்கில் அது ஏழைக் குடும்பம். ஒரே சம்பளத்தோடு போனால் உங்கள் வீடு அந்தக் கோட்டை ஒட்டியோ கீழேயோதான் நிற்கும். பட்டினி இருக்காது, அந்த ஊர் ஏழ்மை வேறு மாதிரி. ஆனால் லாஸ்பேட்டையில் "சூப்பர்வைசர் சார் வீடு" என்று சொல்லும் தெருவிலிருந்து கிளம்பி, சமூகத்தின் கடைசி வரிசையில் போய் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே போக வேண்டும். முதல் குளிர்காலத்தில் மனிதர்களை வாட்டுவது குளிரைவிட இதுதான் என்பது என் அனுபவம்.

மனைவியும் வேலைக்குப் போய்க் குறைந்தபட்ச ஊதியம் வாங்கினால் படம் மாறிவிடும். 3,300 யூரோவை 2.1-ஆல் வகுத்தால் 1,570, கோட்டுக்கு நன்றாக மேலே. ஆனால் இங்கே டீச்சராக இருப்பவர் அங்கே உடனே டீச்சராகிவிட முடியாது. முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை, பள்ளி உணவுக்கூடம், குழந்தை பராமரிப்பு, இப்படித்தான் தொடங்கும். அவருக்கு அது சம்மதமா? உங்கள் கடிதத்தில் மச்சான் என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னார் என்று இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. பாஸ்போர்ட் அவருடையது. விசா இல்லாமல் நாளைக்கே போய் வேலையில் சேரும் உரிமை உங்கள் வீட்டுப் பெரியவர்களில் அவருக்கு மட்டும்தான் உண்டு. முதலில் அவரைக் கேளுங்கள்.

இதுவரை படித்துவிட்டு நான் போகாதீர்கள் என்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பணத்துக்காகப் போகாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் கேட்டதில் சம்பளம் ஒரு பகுதி. மற்றதில் பிரான்ஸ் பல இடங்களில் நம்மைத் தாண்டித்தான் நிற்கிறது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சட்டப்படி வாரம் 48 மணி நேரம். உங்கள் 42,000-ஐ மணிக் கணக்கில் வகுத்தால் மணிக்குச் சுமார் 200 ரூபாய். அங்கே வாரம் 35 மணி நேரம், மாதத்துக்கு 151.67 என்று சம்பளச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். மணிக்கு 12.50 யூரோ, நம் 29 ரூபாய்க் கணக்கில் 360 ரூபாய். மாதச் சம்பளத்தில் தோற்ற பிரான்ஸ் மணிச் சம்பளத்தில் ஜெயிக்கிறது. நிரந்தர வேலையில் வருடம் ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதைக் கேட்க மேனேஜர் முன்னால் தலையைச் சொறிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஷிப்டுக்குக் கூப்பிடும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் ராத்திரிகளுக்கு என்ன விலை போடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவம். குடும்ப மருத்துவரைப் பார்க்க 30 யூரோ, அதில் 70 சதவீதத்தை அரசுக் காப்பீடு 2 யூரோ பிடித்தம் போகத் திருப்பித் தரும், மிச்சத்தைத் துணைக் காப்பீடு ஏற்கும். சர்க்கரை, புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடே 100 சதவீதம் ஏற்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்காக நகையை அடகு வைக்கும் காட்சி அங்கே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் புது நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் குடும்ப மருத்துவரைத் தேடுவதே பெரும்பாடு, கண் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே மாலை ஆறு மணிக்கு டோக்கன் போட்டு எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் நமக்கு. அந்தச் சுகத்தின் அருமை அங்கே போனால்தான் தெரியும்.

நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலையும் பார்த்திருப்பீர்கள். ஐ.நா.வின் 2025 மனித மேம்பாட்டு அறிக்கையில் பிரான்ஸ் 26-வது இடம், இந்தியா 130-வது இடம். சராசரி ஆயுள் அங்கே 83, இங்கே 72. உண்மைதான். ஆனால் நீங்கள் சராசரி இந்தியாவில் குடியிருக்கவில்லை, புதுச்சேரியில் குடியிருக்கிறீர்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 2020-இல் நாடு முழுக்க 28, புதுச்சேரியில் ஒற்றை இலக்கம். கூப்பிடு தூரத்தில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆட்டோ ஏறினால் கால் மணி நேரம். அதேபோல அங்கேயும் நீங்கள் போய் இறங்கப்போவது சராசரி பிரான்சில் அல்ல, பாரிஸின் வடக்குப் புறநகரில். வேலையின்மையும் நெரிசலும் அதிகமுள்ள பகுதி அது. இருந்தாலும் மழை விட்டால் தெருவில் தண்ணீர் நிற்காது, நடைபாதை முழுசாக நடப்பதற்கே இருக்கும், மனைவி இரவு பத்து மணிக்கு ரயிலில் தனியாக வருவார். 2024 ஃபெஞ்சல் புயலில் ரெயின்போ நகரில் படகில் ஆட்களை மீட்டதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே இரண்டு வருடம் ஓடிவிடும்.

அதனால்தான் "எந்த நாடு உயர்வு" என்ற கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் பதில் வேறு.

உங்களுக்கு, அடுத்த ஐந்தாறு வருடம் தரம் இறங்கும். மனைவிக்கு, அவர் மனசைப் பொறுத்தது. வேலையும் சொந்த வருமானமும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்த பிறகு ஊர் திரும்ப மனமில்லாத பெண்கள் என்னிடம் யோசனைக்கு வந்தவர்களில் பலர்.

அம்மாவுக்கு, நீங்கள் போனால் தரம் இறங்கும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. பிரெஞ்சுக் குடிமக்களையோ அவர்களின் கணவன் மனைவியையோ நம்பி வாழும் பெற்றோருக்கு அங்கே குடியிருப்பு அனுமதி வாங்க வழி இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீதுகளோடு, உங்களைச் சார்ந்தே வாழ்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் அவரே வர மாட்டேன் என்கிறார், அந்த முடிவில் நியாயமும் இருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் நான்காவது மாடியில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட வாசல் திண்ணையில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பது சர்க்கரைக்கும் நல்லது. போவதென்றால் மாடியைப் பூட்டிப் போடாதீர்கள். நம்பகமான ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். அம்மாவுக்கு வருமானமும் ஆச்சு, ராத்திரியில் கூப்பிட்டால் ஓர் ஆளும் ஆச்சு.

பிள்ளைகளுக்குத்தான் தராசில் பிரான்ஸின் தட்டு கனமாக இறங்குகிறது. மூன்று வயதிலிருந்து பள்ளி கட்டாயம், அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்குப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 200 யூரோவுக்கும் கீழே. இங்கே ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணத்தோடு ஒப்பிட்டால் நானே பெருமூச்சு விடுவேன். 6 வயதுக்காரன் ஒரே வருடத்தில் பிரெஞ்சில் சண்டை போடுவான், 9 வயதுக்காரனுக்கு இரண்டு வருடம் ஆகும். இன்னும் ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் பெரியவனுக்குக் கஷ்டம்.

ஆனால் இதில் பெரும் பகுதியை ஊரைவிட்டுப் போகாமலே பெற ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஏன் அதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே படித்துப் பாக்கலோரேயா என்ற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கும் பிள்ளை, பிரான்சில் படித்த பிள்ளையைப் போலவே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடலாம். கட்டணம் அதிகம்தான். அதற்காகத்தான் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு, வருமானத்தைப் பார்த்துப் பிரெஞ்சு அரசு உதவித்தொகை தருகிறது. குழந்தை பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க வேண்டும், பெற்றோரோடு இங்கே வசிக்க வேண்டும், தூதரகப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 60,000 ரூபாய் வருமானத்தோடு மனு போட்டால் பரிசீலனைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் இதுவரை ஆங்கில வழியில் படித்ததால் சேர்க்கையின்போது பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பார்கள். ஒரு வகுப்பு பின்னால் போட்டாலும் ஒத்துக்கொள்ளுங்கள். வரும் வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு தூதரகத்துக்கும் லிசேவுக்கும் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

என் யோசனையின் சுருக்கம் இதுதான்: ஜூன் மாதம் வேண்டாம். லிசேவில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தால் பிள்ளைகள் வளரும்வரை இங்கேயே இருங்கள், 18 வயதில் அவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டோடு போகட்டும். கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் தயாராகிவிட்டுப் போங்கள். அந்த வருடத்தில் நீங்களும் மனைவியும் அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து பிரெஞ்சு படிக்க வேண்டும். வீட்டில் மாமனார் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிரெஞ்சு வேலைக்கு விண்ணப்பம் எழுதப் போதாது. உங்கள் திருமணம் தூதரகத்தில் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பிரெஞ்சுக் குடிமகளின் கணவர் என்ற நீண்டகால விசா நகராது. அந்த விசாவில் போனால் வேலை செய்யும் உரிமை உண்டு, மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து செல்லுபடியாக்க வேண்டும். பிறகு குடியுரிமைக்கு மனு போடும் எண்ணம் இருந்தால், 2026 ஜனவரி முதல் கேட்கும் மொழித் தேர்ச்சி பி2 நிலை, அதாவது தயங்காமல் பேசவும் எழுதவும் வரும் அளவு. கணவன் மனைவி வழியில் கேட்பவர்களுக்கும் அதே விதிதான்.

ஓய்வூதியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமனாரின் பென்ஷன்தான் உங்கள் மனசின் ஓரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வயதுக்காரர்களுக்கு அங்கே முழு ஓய்வூதியத்துக்கு 172 காலாண்டுகள், அதாவது 43 வருட உழைப்பு வேண்டும். 39 வயதில் தொடங்கினால் 67 வயதில் உங்களிடம் 112 காலாண்டுகள் இருக்கும். 67-இல் விகிதக் குறைப்பு இல்லை என்றாலும், தொகை 172-இல் 112 பங்குதான். இப்போதைய சம்பள நிலையே நீடித்தால் அடிப்படை ஓய்வூதியம் 750, 800 யூரோ, அதற்கு மேல் துணை ஓய்வூதியம் கொஞ்சம். கார்ஜில் உட்கார்ந்து சாப்பிட அது போதாது. லாஸ்பேட்டைக்கு வந்தால் 100 ரூபாய் யூரோவாக மாறித் தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம் எந்த நாட்டுக்கும் கூடவே வரும், ஏழை முதியவர்களுக்கு அரசு போட்டுத் தரும் குறைந்தபட்சத் தொகை வராது. அதற்கு வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சிலேயே இருக்க வேண்டும்.

பி.எஃப். விஷயம். உங்களுக்குப் பத்து வருடச் சர்வீஸ் தாண்டியிருந்தால் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது, சர்வீசுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், 58 வயதில் மாதப் பென்ஷன் வரும். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பதால், இங்கே உழைத்த வருடங்கள் அங்கே தகுதியைக் கணக்கிடும்போது கைகொடுக்கும்.

பாகூர் நிலம். விற்காதீர்கள். வெளிநாட்டில் குடியேறிவிட்டால் விவசாய நிலம் புதிதாக வாங்க உங்களுக்கு அனுமதி கிடையாது. நாளைக்கு இந்தியக் குடியுரிமையை விட்டு, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் அதே தடைதான். ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம், ஆனால் விற்றால் திரும்ப வாங்க முடியாது. பயணச் செலவுக்கும் முன்பணத்துக்கும் 6,000, 7,000 யூரோ தேவைப்படும். நிலத்தை விற்றுத்தான் அதைத் திரட்ட முடியும் என்றால் இன்னும் கிளம்பும் நேரம் வரவில்லை. பட்டா அம்மா பெயரில் இருக்கிறதா, உங்கள் பெயரில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா பெயரில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உங்கள் பெயரில் இருந்தால், பயிர் வைப்பவரோடு எழுத்தில் ஒரு குத்தகை ஒப்பந்தமும், கிளம்பும் முன் அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ பதிவு செய்த அதிகாரப் பத்திரமும் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.